பெரியவரின் உயிர்ச்சான்று

போலி மீன் என்பது யாதெனில், மீனைப் போல் உருவெடுத்து, மீனைப் போல் நீரில் நெளிந்து, மீனைத் தின்னும் மீனை ஏமாற்றுவதற்காக மனிதன் செய்துகொண்ட ஒரு பொய்யாகும். தூண்டில் கடைகளில் இத்தகைய பொய்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. அவற்றின் ஆயுள் அற்பமானது. ஒன்றை மரக்கிளை பிடுங்கிக்கொள்ளும். மற்றொன்று பாறையிடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். தப்பியதைப் பாஸ் மீன், அதாவது வாய் பெருத்ததும் முன்கோபம் மிகுந்ததுமான அந்தப் பச்சை ஏரிமீன், இரண்டு பருவங்களுக்குள் குதறித் தள்ளிவிடும். இவ்வுலக நடைமுறையைச் சற்றும் மதியாமல், பெரியவர் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்திருந்தார்.

பெரியவர் என்பது ஒரு போலி மீனுக்கு வழங்கிய பெயர். நீளம் ஒரு விரல். முதுகு பச்சை, வயிறு வெள்ளை. முன்னே நீரைக் கிழிக்கும் ஒரு சிறு உதடு. கீழே மும்முள் கொக்கிகள் இரண்டு. உள்ளே கிலுகிலுவென ஒலிக்கும் எஃகுக் குண்டுகள் மூன்று. அவருக்கு உடைமைக்காரி, இருபத்தேழு ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். பேருந்தில் ஏறிய பயணிகளில் ஒருவரைக்கூட அவர் 'வாங்க, போங்க' என்று விளித்ததாகச் செய்தி இல்லை. ஆனால் பெரியவரை மட்டும் அவர் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. "பெரியவர் இன்னைக்கு ரெண்டு பேரைப் பிடிச்சார்" என்றுதான் சொல்வார்.

அந்த அம்மையாரின் மருமகள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். மருத்துவர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சுகளைப் பார்த்து, ஈறு கட்டி, பல் அடுக்கி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவது அவள் தொழில். மணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகியும் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரு சண்டைகூட மூண்டதில்லை. சண்டைக்கு வேண்டிய அளவு பேச்சே அவர்களுக்குள் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

இந்நிலையில்தான் உயிர்ச்சான்று நாள் நெருங்கிற்று.

அந்த ஏரியின் தூண்டில் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வூதியம் வாங்குவோர் ஆண்டுக்கொருமுறை அலுவலகத்துக்கு நேரில் சென்று, 'ஐயா, நான் இன்னும் இருக்கிறேன்' என்று கையொப்பமிட்டு வருவதில்லையா? அதைப் போலவே, பத்து வயதைக் கடந்த ஒவ்வொரு போலி மீனும் ஆண்டுக்கொருமுறை தன் உயிரை நிரூபித்தாக வேண்டும். குறித்த ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணிக்குள், செயலாளரின் கண்முன்னே ஒரு பாஸ் மீனைப் பிடித்துக் காட்ட வேண்டும். காட்டினால் பதிவேட்டில் 'உயிருடன் உள்ளது' என்று எழுதப்படும். தவறினால், சங்கச் சுவரிலுள்ள ஓய்வுப் பலகையில் ஆணியடித்து மாட்டப்படும். அதன்பின் அது நீரைத் தொடவே கூடாது. அப்பலகையில் முப்பத்தொரு போலி மீன்கள் வாய் திறந்தபடி வரிசையாகத் தொங்கின. மாமியார் அந்தச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்புவதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, மருமகளுக்கு ஒரு நல்ல எண்ணம் உதித்தது. இவ்வுலகில் நிகழ்ந்த விபத்துகளில் பாதி நல்ல எண்ணத்தால் நிகழ்ந்தவையே. சமையலறைச் சன்னலோரம் தொங்கிக்கொண்டிருந்த பெரியவரை அவள் மெல்லக் கழற்றினாள். கைக்குட்டையில் சுற்றிக் கூடத்துக்கு எடுத்துச் சென்றாள். சான்று நாளுக்கு முன்னால் அவரைச் சுத்தம் செய்து, பளபளவென்று மாமியார் கையில் கொடுத்து, ஒரு வார்த்தை பாராட்டு வாங்க வேண்டும் என்பதே அவளது திட்டம்.

பக்கத்து மேசையில் மெழுகு வேலை பார்க்கும் தோழி எட்டிப் பார்த்தாள்.

"யாரோட கேஸ் இது?"

"என் மாமியாரோடது."

தோழி கொக்கிகளை உற்று நோக்கினாள். "பாவம்டி நீ. இவ்ளோ கூர்மையாவா இருக்கும்?"

பழைய பல்செட் ஒன்று மேசைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது மருமகளின் விரல்களுக்கே மனப்பாடம். அதன்மீது கீறல் இருந்தால் நுரைக்கல் பொடியைக் குழைத்து, சுழலும் துணிச் சக்கரத்தில் பிடித்து, கண்ணாடியாகும் வரை தேய்க்க வேண்டும். பிறகு நீராவியைப் பீய்ச்சி அழுக்கை வெளியேற்ற வேண்டும். பெரியவரின் வயிற்றிலோ நூற்றுக்கணக்கான கீறல்கள். பாஸ் மீனின் பற்கள் அரத்தைப் போன்றவை. கவ்விய ஒவ்வொரு மீனும் தன் கையொப்பத்தை அங்கே இட்டுச் சென்றிருந்தது. ஆனால் மருமகளின் கண்ணுக்கு அவை கீறல்களாகவே தெரிந்தன. கீறல் என்றால் தேய்க்க வேண்டும். தேய்த்தாள். மிக அழகாகத் தேய்த்தாள். பெரியவர் பதினெட்டு வயது இளைஞரைப் போல் மின்னினார்.

பிறகு நீராவியைத் திறந்தாள்.

'டப்' என்று ஓர் ஒலி. ஏற்கனவே தேய்ந்து மெலிந்திருந்த வயிறு, மேலிருந்து கீழ்வரை பிளந்தது. எஃகுக் குண்டுகள் டிக், டிக், டிக் என்று தரையில் குதித்து, மூன்று திசைகளில் மூன்று வேலை இருப்பதைப் போல் ஓடின.

தோழியும் அவளும் தரையில் தவழ்ந்து தேடினார்கள். இரண்டு குண்டுகள் அகப்பட்டன. மூன்றாவது, பிளாஸ்டர் மூட்டைகளுக்குப் பின்னால் துறவு பூண்டுவிட்டது. பிளந்த வயிற்றைக் கட்டியாக வேண்டும். பல்லின் நிறமுள்ள அக்ரிலிக் பொடியோ தீர்ந்துபோய், திங்கட்கிழமைதான் வரவிருந்தது. அலமாரியில் எஞ்சியிருந்தது ஈறு கட்டும் பொடி மட்டுமே. இளஞ்சிவப்பு. மறைந்த குண்டுக்கு ஈடாக, தட்டிலிருந்து கீழ்வரிசை முன்பல் ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள். பொடியைத் திரவத்தில் குழைத்துப் பூசினாள், வெந்நீர் அழுத்தக் கலத்தில் இருபது நிமிடம் இறுக வைத்தாள், எடுத்து மெருகேற்றினாள். வேலைத்திறனில் எவரும் குறை காண இயலாது. ஆனால் மல்லாத்திப் பார்த்தால், பெரியவர் யாரையோ பார்த்து ஈறு தெரியச் சிரிப்பதைப் போலிருந்தது.

மாலையில் சமையலறையில் மாமியார் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். பள்ளியில் கணக்கு ஆசிரியனாக இருக்கும் கணவன் விடைத்தாள்களோடு வாசற்படியில் நின்றான். மருமகள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"அத்தை, பெரியவருக்கு ஒரு சின்ன ஆபரேஷன் ஆயிடுச்சு."

"என்ன ஆபரேஷன்?"

"வயித்துல."

மாமியார் முட்டையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். நீட்டினார். மருமகள் கைக்குட்டையைப் பிரித்து அந்தக் கையில் வைத்தாள்.

"இது என்னம்மா, ஈறு மாதிரி இருக்கு?"

"ஈறுதான் அத்தை."

"மீனுக்கு வயித்துல எதுக்கும்மா ஈறு?"

"வேற கலர் கைவசம் இல்ல."

"நல்லாத்தானே இருக்கு" என்றான் கணவன். இருவரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தனர். அவன் விடைத்தாள்களோடு மறைந்தான்.

மாமியார் பெரியவரைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினார். "குரல் மாறியிருக்கே."

"ஒரு குண்டு தொலைஞ்சுடுச்சு. அதுக்குப் பதிலா ஒரு பல்லு வச்சேன்."

"யார் பல்லு?"

"யாரோடதும் இல்ல அத்தை! புதுசு. பாக்கெட்ல இருந்து எடுத்தது."

இடி இறங்கப் போகிறது என்று மருமகள் தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். இடி இறங்கவில்லை. மாமியார் கட்டைவிரலால் வயிற்றைத் தடவிப் பார்த்தார், மறுபடியும் தடவினார்.

"கீறல் எல்லாம் எங்கம்மா?"

"பாலிஷ் பண்ணிட்டேன் அத்தை."

"நானூத்திப் பன்னெண்டு மீன்" என்றார் மாமியார். அவ்வளவே. பேருந்தின் ஒலிப்பானை விட உரத்த அந்தக் குரல் அவ்வளவு தாழ்ந்து ஒலித்து மருமகள் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியவர் அந்தப் பலகைக்குப் போனால், அவரை ஆணியடித்தது தன் கைதான் என்று அவளுக்கு அப்போது முழுமையாக உறைத்தது.

மாமியார் எழுந்தார். "அழுது என்ன ஆகப்போகுது. நீந்துவாரான்னு பார்க்கணும். காலைல குளியல் தொட்டியை ரொப்பு."

சனிக்கிழமை காலை குளியலறை ஆய்வுக்கூடமாயிற்று. தொட்டி நிறைய நீர். ஒரு புறம் மாமியார் முழங்கால் வரை புடவையைச் செருகிக்கொண்டு நின்றார். மறுபுறம் மருமகள், கூடத்திலிருந்து கொண்டுவந்த கைத் துரப்பணத்தோடு மண்டியிட்டிருந்தாள். பெரியவரை நீரில் விட்டதும் அவர் நேரே மல்லாந்து படுத்தார். இளஞ்சிவப்பு வயிற்றை வானுக்குக் காட்டி, விடுமுறைக்கு வந்த செல்வந்தரைப் போல் மிதந்தார்.

"காத்து வாங்குறார்" என்றார் மாமியார்.

மருமகள் அவரை எடுத்துத் துடைத்து, வயிற்றின் மேடான இடத்தில் ஊசிமுனையளவு சீவினாள். பல்செட்டில் ஒரு பல் உயர்ந்து நின்றால் நீலத்தாளைக் கடிக்கச் செய்து, சாயம் பட்ட இடத்தை மட்டும் சீவுவார்கள். இங்கே தாளுக்குப் பதில் தொட்டிநீர். சீவினாள், விட்டாள், இடப்பக்கம் கவிழ்ந்தார். சீவினாள், விட்டாள்; தலைகீழாக நின்றார். ஒருமுறை வட்டமிட்டுச் சுழன்று, மாமியாரின் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டார்.

"பிடிச்சுட்டார் அத்தை! நானூத்திப் பதிமூணு!"

"வாயை மூடு" என்ற மாமியாரின் வாயே கோணிக்கொண்டது.

வெளியிலிருந்து கதவு தட்டப்பட்டது. "முக்கா மணி நேரமா நிக்கறேன். உள்ள யாரு?"

"பெரியவர்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் மருமகளின் மூக்கிலிருந்து ஒரு சீறல் புறப்பட்டது. அடுத்து மாமியார் தொட்டி விளிம்பைப் பற்றிக்கொண்டு குலுங்கத் தொடங்கினார். அடக்க அடக்க அது பீறிட்டது. "குளிச்சிட்டு வந்துடுவார்னு சொல்லு" என்று மாமியார் திணற, மருமகள் துரப்பணத்தை நீரில் போட்டுவிடாமல் காப்பாற்றவே பெரும்பாடு பட்டாள். பதினொரு ஆண்டுகளில் அவ்வீட்டில் அவ்விருவரும் சேர்ந்து சிரித்தது அதுவே முதல்முறை என்பதைக் கதவுக்கு வெளியே நின்ற கணக்கு ஆசிரியன் உணர்ந்து, குளிக்காமலேயே திரும்பிப் போனான்.

ஏழாம் முறை சீவியபின் பெரியவர் நிமிர்ந்தார். ஆயினும் நீந்தும்போது இடப்புறமாக ஓர் இழுப்பு இருந்தது.

"ஒரு பக்கம் காத்து கம்மியான வண்டி மாதிரி இழுக்குது" என்றார் மாமியார்.

"ஓட்டிடுவீங்களா அத்தை?"

"நான் ஓட்டாத வண்டியா?"

ஞாயிற்றுக்கிழமை ஏரி கண்ணாடித் தகடு போல் கிடந்தது. கரையில் சங்கக் கட்டடம். அதன் வாசலிலிருந்து நீருக்குள் நாற்பது அடி நீளத்துக்கு ஒரு மரப்பலகைத் துறை. அதன் இருமருங்கும் முக்காலிகளும் வாளிகளும் உறுப்பினர்களும். செயலாளர் நீண்ட மூக்கும் அதனினும் நீண்ட விதிப்புத்தகமும் உடையவர். கழுத்தில் விசில், கையில் பதிவேடு. அவ்வாண்டு சான்று பெற வந்தவை ஏழு போலி மீன்கள். அவற்றில் வயதில் இரண்டாவது, மருந்துக்கடைக்காரருடையது, வயது பதினான்கு. அது காலையிலேயே மீன் பிடித்து உயிரை நிலைநாட்டிவிட்டது. பெரியவர் மட்டும் பலகைக்குப் போய்விட்டால் ஏரியின் மூத்தவர் என்னும் பட்டம் தன் மீனுக்கே என்பதை அவர் நன்கறிவார். ஆகவே, மாமியார் பெரியவரைப் பெட்டியிலிருந்து எடுத்ததுமே அவர் முக்காலியை விட்டு எழுந்தார்.

"செயலாளரே, இதைக் கொஞ்சம் பாருங்க. இது பழைய மீனே இல்ல. பாதி வயிறு புதுசு."

செயலாளர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வாசனை பார்த்தார். "இது என்ன கலர்?"

"உடம்பு தேறிட்டு வர்ற கலர்" என்றார் மாமியார்.

செயலாளர் குலுக்கினார். 'கிலுக், கிலுக், டக்' என்றது. "கொக்கி மாத்தலாம், விதி மூணு. பெயிண்ட் அடிக்கலாம், விதி நாலு. வயிறு மாத்தலாமான்னு..." அவர் பக்கங்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

"என் வண்டியில மூணு தடவ இன்ஜின் மாத்தினாங்க" என்றார் மாமியார். "அதுக்காகப் பதினேழாம் நம்பர் பஸ் பதினேழாம் நம்பர் இல்லைன்னு யாராவது இறங்கிப் போனாங்களா?"

"பஸ் வேற, இது வேற" என்றார் மருந்துக்கடைக்காரர். "நான் பொது நியாயம் பேசறேன். உடம்புல ஒரு பாகம் வெளியில செஞ்சு ஒட்டினதுன்னா, அது ஒரிஜினல் கிடையாது. அவ்ளோதான். யாரா இருந்தாலும் சரி!" என்று கூறி, வெற்றிப் புன்னகை ஒன்றை நாலாபுறமும் வழங்கினார்.

அப்புன்னகையைக் கண்ட மருமகள் அசையாமல் நின்றாள்.

பல்செட் செய்கிறவள் நோயாளிகளின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளுக்குத் தெரிந்தவை எண் இட்ட பிளாஸ்டர் வாய்கள் மட்டுமே. ஆனால் தான் அடுக்கிய பல்லை அவள் எங்கு கண்டாலும் அறிவாள். மேல்வரிசை, வலப்புறம், இரண்டாம் பல். 'மிகவும் ஒழுங்காக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், சற்றுத் திருப்பி வைக்கவும்' என்று மருத்துவர் குறிப்பு அனுப்பியிருந்தார். ஒன்பது நாள் உழைத்தாள். அரை மில்லிமீட்டர் திருப்பினாள். போதவில்லை என்று மறுபடி மெழுகை இளக்கினாள். அந்தப் பல் இதோ வெயிலில், ஏரிக்கரையில், இயற்கை அன்னையே வைத்ததைப் போல் ஒளிர்கிறது!

யார் வாயில் எது சொந்தம், எது செய்தது என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவள் தொழிலின் முதற்பாடம். அவள் சொல்லவும் எண்ணவில்லை. உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். எனினும், தன் கைவேலையை முதன்முறையாக உயிருள்ள முகத்தில் காணும் ஒருத்தியின் பெருமிதத்தை உதடுகளால் மட்டும் தடுக்க முடியுமா?

"ஐயா, இன்னொரு தடவ சிரிங்களேன்" என்றாள்.

"என்னது?"

"இல்ல, அந்த வலது பக்கப் பல்லு... லேசா ஒரு திருப்பம் இருக்கு பாருங்க. ரொம்ப இயல்பா இருக்கு. கடிக்கறப்ப எங்கயும் உறுத்தலையே?"

மருந்துக்கடைக்காரரின் புன்னகை படிப்படியாக மூடிக்கொண்டது. "நீங்க... எங்க வேலை பார்க்கறீங்க?"

"லேப்ல ஐயா."

"எந்த மாதிரி லேப்?"

"நுணுக்கமான வேலை ஐயா. வெளிய சொல்றதில்ல."

அவர் இருமினார். செயலாளரைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். "நானும் யோசிச்சுப் பார்த்தேன்" என்றார், உதடுகளை மிகக் குறைவாகத் திறந்து. "ரிப்பேர் வேற, ஆள் வேற. ரிப்பேர் பண்ணினதுக்காக ஆள் மாறிடுவாரா என்ன? அது மனுஷத்தன்மையே இல்ல."

"அப்ப ஆட்சேபம் வாபஸா?"

"வாபஸ், வாபஸ்."

மாமியார் மருமகளின் காதருகே குனிந்தார். "என்னம்மா சொன்ன அவன்கிட்ட?"

"பல்லு நல்லாயிருக்குன்னு சொன்னேன் அத்தை."

"அதுக்கா இப்படி வேர்த்துப் போச்சு?"

ஆட்சேபம் ஒழிந்தது, ஆனால் அது காலத்தைத் தின்றுவிட்டிருந்தது. மணி பதினொன்று இருபத்தைந்து. மாமியார் துறையின் நுனிக்குச் சென்று வீசினார். பெரியவர் வளைந்து பறந்து, கோரைப்புல் ஓரமாக விழுந்தார். மாமியார் தூண்டில் நரம்பைச் சுருட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி வீசினார். ஒன்றுமில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே துடிப்பில் இழுத்துப் பழகிய மணிக்கட்டு அது. அந்தத் துடிப்புக்குப் பழைய பெரியவர் நடனமாடுவார். புதிய பெரியவரோ இடப்புறம் இழுத்துக்கொண்டு, நொண்டியடித்து வந்தார். பதினான்கு வீச்சுகள். நீரின் மேற்பரப்பில் ஒரு வட்டம்கூட எழவில்லை. கட்டடத்துக்குள்ளிருந்து யாரோ ஆணி டப்பாவைத் தேடும் ஓசை கேட்டது.

பதினொன்று நாற்பத்து நான்குக்கு மாமியார் தூண்டிற்கோலை மருமகளிடம் நீட்டினார்.

"நீ வீசு."

"அத்தை, எனக்கு வீசத் தெரியாது!"

"எனக்குத் தெரிஞ்சுதான் ஒன்னும் வரல. என் கை பழைய ஆளையே தேடுது. இவரு எப்படிப் பெரண்டு படுப்பாருன்னு உனக்குத்தான் தெரியும். ஒரே வீட்டு ஆள் வீசலாம், விதி ஆறு. வீசு!"

மருமகள் கோலைப் பற்றினாள். முழு வலிமையோடு வீசினாள். அவ்வீச்சு முன்னே செல்வதற்குப் பதிலாகப் பின்னே சென்று, செயலாளரின் விதிப்புத்தகத்தைக் கவ்விப் பறித்தது.

"இது கணக்குல வராதும்மா" என்றார் செயலாளர்.

"ஆனா பாருங்க, வாய் நல்லா வேலை செய்யுது" என்றார் மாமியார்.

இரண்டாம் வீச்சு உண்மையிலேயே முன்னே சென்றது. மிக அழகாக, கோரைப்புல்லின் விளிம்பு வரை சென்றது. ஆனால் பெரியவர் நீரில் விழுந்த பின்னும், கோலில் நரம்பு சுற்றியிருக்கும் சுருள் நிற்காமல் சுழன்று, நரம்பு முழுவதும் உள்ளே குருவிக்கூடாகச் சிக்கிக்கொண்டது. மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

"போச்சு" என்று யாரோ முணுமுணுத்தார்.

மருமகள் பதற்றம் அடையவில்லை. சிக்கல் பெரிதாக இருக்கலாம். ஆனால் சிறிய பொருளில் சிறிய சிக்கலை அவிழ்ப்பது அவளுக்கு அன்றாட வேலை. பலகைமீது சம்மணமிட்டு அமர்ந்தாள். நகநுனியால் ஒரு கண்ணியைத் தூக்கினாள், அடுத்ததை விலக்கினாள், மூன்றாவதை மூச்சுக்கூட விடாமல் உருவினாள். மாமியார் தலைக்கு மேலே நின்று, "அந்தச் சிவப்பு நெகத்துக்குக் கீழ... அதேதான்... அதேதான்..." என்று உரையாற்றினார். அவ்வளவு நேரமும் பெரியவர் கோரைப்புல் ஓரத்தில் அசையாது கிடந்தார். அவர் விழுந்தபோது எழுந்த வட்டங்கள் எல்லாம் விரிந்து ஓய்ந்தன. ஒரு தும்பி வந்து அவர் முதுகில் அமர்ந்து, சலித்துப் போய்ப் பறந்தது.

அவருக்கு அடியில் ஒரு பாஸ் மீன் நின்றுகொண்டிருந்தது. ஓடுகிற எதையும் அன்று காலை முழுவதும் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன மீன் அது. ஓடாமல், ஒளியாமல், ஈறு தெரியச் சிரித்துக்கொண்டு தன் தலைக்கு மேலேயே கிடக்கும் இந்தத் துணிச்சலை அது எத்தனை நேரம்தான் பொறுத்துக்கொள்ளும்?

ஒரு கண்ணி விடுபட்டது. நரம்பு சற்றே இழுபட்டது. பெரியவர் ஒருமுறை சிலிர்த்தார். வயிற்றுக்குள் பல் 'டக்' என்றது.

நீர் வெடித்தது.

"பிடிச்சாச்சு!" என்று மாமியார் அலறினார். "சுருட்டு!"

"சுருள் சுத்த மாட்டேங்குது அத்தை! பாதிச் சிக்கு அப்படியே இருக்கு!"

மீன் ஒருமுறை துள்ளிக் காற்றில் நின்று தலையை உதறிற்று. கோல் வில்லாக வளைந்தது. மணி பதினொன்று ஐம்பத்து மூன்று. இருபத்தேழு ஆண்டுகள் நெரிசலில் வண்டி ஓட்டியவரின் மூளை ஒரு நொடியில் வேலை செய்தது.

"அப்ப ரிவர்ஸ் எடு!"

"என்ன?"

"பின்னாடியே நட! திரும்பாத, மீனைப் பாரு, என் குரலைக் கேளு! வரலாம்... வரலாம்..."

மருமகள் பின்னோக்கி நடக்கலானாள். துறையோ மிகக் குறுகல். இரு பக்கமும் நீர். மாமியார் கையை வீசி வீசி வழி காட்டினார். "வரலாம்... லேசா லெஃப்ட்ல ஒடி... வாளி இருக்கு, வாளி... நேர் பண்ணு... வரலாம்..." ஒரு முக்காலி நகர்ந்தது. ஒருவர் தன் காலை மடக்கிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் தன்னையும் மறந்து, வாயை முழுதாகத் திறந்து, "ரைட்ல எடம் இருக்கு, தாராளமா வரலாம்!" என்று கூவினார். அடுத்த நொடியில் துறை முழுவதும் நடத்துநர்களாகிவிட்டது. "வரலாம், வரலாம்!" "தூக்கிப் பிடி!" "அடியேய், குடை!" விதிப்புத்தகத்தைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி செயலாளரும் கத்தினார்.

மருமகள் பத்து அடி வந்தாள், இருபது அடி வந்தாள், நாற்பதும் முடிந்து வாசற்படியைக் குதிகாலால் தேடி ஏறினாள்; கட்டடத்துக்குள்ளேயே போய்விட்டாள். அங்கிருந்து பார்த்தால் ஏரி தெரியவில்லை, மீன் தெரியவில்லை. வாசல் வழியே வெளியே ஓடும் ஒற்றை நரம்பு மட்டும் வெயிலில் மின்னித் துடித்தது. தேநீர் மேசை அவள் இடுப்பில் முட்டிற்று. கோப்பைகள் கலகலத்தன.

"ஹோல்டேன்!" என்று, வண்டியை நிறுத்தும் நடத்துநரின் கூவலாக, மாமியாரின் குரல் வெளியிலிருந்து ஒலித்தது. பிறகு எதுவும் ஒலிக்கவில்லை.

நரம்பு தளர்ந்துவிட்டது. அறுந்துவிட்டதா? உதறிக்கொண்டு போய்விட்டதா? வயிறு மறுபடியும் பிளந்து, ஈறு வேறு பல் வேறாக ஏரியின் அடியில் கிடக்கிறாரா பெரியவர்? கோலைக் கீழே போடவும் துணிவின்றி, அதைப் பிடித்தபடியே வெளியே ஓடினாள்.

துறையின் நுனியில் மாமியார் குப்புறப் படுத்திருந்தார். பிறகு மெல்ல மண்டியிட்டார். பிறகு எழுந்தார். அவரது வலக்கைக் கட்டைவிரல் ஒரு பாஸ் மீனின் கீழ்த்தாடைக்குள் இருந்தது. முழங்கை நீளம் இருக்கும் அந்த மீனின் வாயோரத்தில், முழு உடம்போடு, ஒரு விரிசலும் இன்றி, பெரியவர் இளஞ்சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"மணி?" என்றார் மாமியார்.

"பதினொன்னு அம்பத்தி ஏழு" என்றார் செயலாளர். பதிவேட்டைத் திறந்தார். மூக்கு நுனியில் தொங்கிய நீர்த்துளியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்: 'உயிருடன் உள்ளது.'

துறை அதிர்ந்தது. தெரியாதவர்களெல்லாம் மருமகளின் முதுகில் தட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் அவள் கையைக் குலுக்கிவிட்டு, தன் பெட்டியிலிருந்து உதடு உடைந்த ஒரு போலி மீனை எடுத்து, எதையோ கடத்துபவரைப் போல் அவள் உள்ளங்கையில் திணித்தார். "அவசரமில்ல" என்று கிசுகிசுத்தார். "கலர் உங்க இஷ்டம்."

மாமியார் கொக்கியைக் கழற்றி, மீனை நீரில் விட்டார். அது ஒருமுறை வாலால் அறைந்து, திரும்பிப் பார்க்காமல் போயிற்று. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் மருமகளிடம் வந்து, கோலுக்காகக் கை நீட்டினார்.

மருமகள் கொடுக்கவில்லை.

"கொடும்மா."

"இன்னும் ஒன்னே ஒன்னு அத்தை."

"சான்று வாங்கியாச்சு. இனிமே நான் பார்த்துக்கறேன்."

"இப்பத்தான் எனக்குக் கை வந்திருக்கு."

"கையா வந்துச்சு? காலுல்ல வந்துச்சு!" என்றார் மாமியார். ஆயினும் பிடுங்கவில்லை. இருவரும் கோலின் இரு முனைகளைப் பற்றியபடி சற்று நேரம் நின்றனர். "பத்து நிமிஷம். அப்புறம் என் முறை."

"பதினஞ்சு."

"பன்னெண்டு. ஒரு நொடி கூட அதிகமில்ல."

பன்னிரண்டு என்று முடிவாயிற்று. மாமியார் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அமர்ந்து, கைக்கடிகாரத்தில் கண்ணை நட்டார். மருமகள் வீசினாள்; நரம்பு உடனே சிக்கிக்கொண்டது. அதை அவிழ்க்கும் நேரம் பன்னிரண்டு நிமிடத்தில் சேராது என்று அவள் வாதிட்டாள். சேரும் என்றார் மாமியார். "சிக்கு விழுந்தாத்தான மீனே வருது, அப்ப இதுவும் வேலை நேரம்தான்" என்றாள் மருமகள். அப்படியானால் விதிப்புத்தகத்தைக் கொண்டு வரச் சொல் என்றார் மாமியார். ஏரிக்கரையில் எல்லோரும் கிளம்பிப் போன பின்னும் அந்த வழக்கு முடியவில்லை.